சாவியைக் கொடுத்துட்டா வித்ததா ஆகிடுமா?

ஒரு கேள்வி. உங்ககிட்ட ஒரு கன்வெர்டிபிள் ஸ்போர்ட்ஸ் கார் இருக்குன்னு வச்சுக்குவோம். சும்மா வச்சுக்குவோம், காசா பணமா? ரெண்டே சீட், செக்கச் செவேல்னு கலர், பட்டனை அமுக்கினா கூரை மடங்கிப் பின்னாடி போய் உட்கார்ந்துக்கும். நாலு வருஷம் ஓட்டியாச்சு, இப்போ விக்கணும். விருதுநகர்ல இருந்து ஒருத்தர் வர்றார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார், பிடிச்சுப் போகுது. பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடுச்சு. சாவியை வாங்கிட்டு அவர் திருத்தங்கல் ரோட்டுல பறந்துட்டார்.

இப்போ சொல்லுங்க, அந்தக் கார் யாருடையது?

"இதுல என்ன சந்தேகம், பணம் கொடுத்தவருடையது"ன்னு பத்துல ஒன்பது பேர் சொல்லுவீங்க. சட்டம் சொல்ற பதில் வேற. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ, விபத்துன்னு வந்தா அவர்தான் ஓனர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) இதைத்தான் சொல்லுது. பணம் வாங்கின நாளும் சாவி கொடுத்த நாளும் அங்க கணக்குல வராது.

"நமக்கும் கன்வெர்டிபிளுக்கும் என்னப்பா சம்பந்தம்"னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்ல நிக்கிற டியூக்குக்கும் ஆர்15-க்கும் சட்டம் இதேதான். வருஷா வருஷம் ஏப்ரல், மே மாசம் ஃபைனல் இயர் அண்ணன்மார் வண்டியை ஜூனியர் தலையில கட்டிட்டு ஊருக்குக் கிளம்புற சீசன் வருது. அதுக்கு முன்னாடி இதைப் பேசிடுறது நல்லது. கொஞ்சம் பெரிய வண்டியை வச்சுப் பேசினா விஷயம் நல்லாத் தெரியும், அவ்வளவுதான்.

நாட்டுலயே பேர் போன செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்

இந்தியாவுல அதிகம் பேசப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனை எதுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு சச்சினோட ஃபெராரி 360 மாடெனாதான். டெஸ்ட்ல பிராட்மேனோட 29 சதத்தை சச்சின் தொட்டதுக்காக, 2002-ல ஃபியட் கம்பெனி கொடுத்த பரிசு அது. கையில கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். கார் இந்தியாவுக்கு வந்தப்போ சுங்கவரி மட்டும் ஏறக்குறைய 1.13 கோடி ரூபாய். மத்திய அரசு அதைத் தள்ளுபடி பண்ணப் போக, டெல்லி உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கு வந்து, பெரிய சர்ச்சையாகி, கடைசியில ஃபியட்டே வரியைக் கட்டுச்சு. 2011-ல அந்தக் கார் சூரத் தொழிலதிபர் ஒருத்தருக்குக் கைமாறுச்சு.

இன்னைக்கும் ஊர் வாயில அது "சச்சின் கார்"தான். அதுல தப்பில்ல, அந்தப் பேரும் சேர்ந்துதான் அந்தக் காருக்கு மதிப்பு. ஆனா பழைய ஓனர் பேர் ஊர் பேச்சுல இருக்கிறது வேற, ஆர்.சி.யில இருக்கிறது வேற. பேச்சுல நூறு வருஷம் இருக்கலாம். ஆர்.சி.யில ஒரு நாள் கூட அதிகமா இருக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

2007-ல வித்த கார், 2009-ல நடந்த விபத்து

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6-ம் தேதி ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. வழக்கு இதுதான். ஒருத்தர் 2007-ல தன் காரை வித்துட்டார். வாங்கினவர் இன்னொருத்தருக்கு வித்தார், அவர் அடுத்தவருக்கு. இப்படியே கை மாறிக்கிட்டே போச்சு. ஆனா ஆர்.சி.யில மட்டும் முதல் ஆள் பேர் அப்படியே கிடந்துச்சு. 2009 மே மாசம் அந்தக் கார் ரிவர்ஸ்ல வந்து மோதி ஒரு சிறுவன் இறந்துட்டான். நஷ்டஈடு யார் கொடுக்கணும்?

உயர் நீதிமன்றம், கடைசியா வாங்கினவர்தான் பொறுப்புன்னு சொல்லுச்சு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா உச்ச நீதிமன்றம் அதை மாத்துச்சு: ஆர்.சி.யில பேர் உள்ளவர்தான் பொறுப்பு. அதுக்குச் சொன்ன காரணத்தைக் கவனிங்க. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் யார் யாருக்கு எப்போ வித்தாங்கன்னு ஒவ்வொரு கையாத் தேடிக்கிட்டு அலையக் கூடாது. நம்பர் பிளேட்டைப் பார்த்தா ஒரு பேர் தெரியணும், அந்தப் பேர் பதில் சொல்லணும்.

வித்த மனுஷனுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்த விபத்து. கார் எந்த ஊர்ல ஓடுது, யார் ஓட்டுறான்னு கூட அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. இருந்தாலும் சட்டம் அவரைத்தான் தேடி வந்துச்சு. இந்தத் தீர்ப்பு கடுமையானதுன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. அந்த இடத்துல பேரை மாத்தாம விட்ட ஒருத்தரும், எந்தத் தப்பும் பண்ணாத ஒரு குடும்பமும் நிக்கிறாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் அலையணும்னா யார் அலையணும்? நீங்களே சொல்லுங்க.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல

பேர் ஒருத்தருக்கு, கை வேறொருத்தருக்கு. இந்த வழக்கம் எங்க கொண்டு போய் விடும்னு நம்ம மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடி விபத்து. 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிச்சது. அப்போ மறுபடியும் வெளிய வந்த வார்த்தை, உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல. ஷெட்டுகளை வாடகைக்கு எடுத்து உள்ள வேலை வாங்குறது வேற வேற ஆள்கள். ஒரு ரூம்ல எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம்னு விதி தெளிவா இருக்கு. ஆனா அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த ரூம்ல இல்ல. ரூம்ல இருக்கிறவர் கையெழுத்துப் போடல.

பட்டாசு ஆலையையும் பைக் விக்கிறதையும் ஒரே தட்டுல வைக்கிறேன்னு நினைக்காதீங்க. உயிர்க் கணக்கு வேற, லாபக் கணக்கு வேற. ஆனா ரெண்டுக்கும் அடியில இருக்கிற பழக்கம் ஒண்ணுதான்: "பேர் பேப்பர்ல கிடக்கட்டும், வேலை நடக்கட்டும்." ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் டீக்கடையில நாம கோபமா கேட்கிறோம், "லைசென்ஸ் யார் பேர்ல இருந்துச்சு, நடத்தினது யாரு"ன்னு. சரியான கேள்வி. அதே கேள்வியை நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்ல நின்னு கேட்டா எத்தனை வண்டிக்கு நேரா பதில் வரும்?

கூரை இல்லாத காரும் சொல்லாம விட்ட உண்மையும்

பேர் மாத்துறது பாதி வேலை. மீதிப் பாதி, வண்டியோட உண்மையையும் சேர்த்து ஒப்படைக்கிறது. இதுல கன்வெர்டிபிள் ஒரு நல்ல பாடம், மெக்கானிக்கல் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் ஒண்ணை எடுங்க. மூடி போட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடியைக் கழட்டிட்டு முறுக்குங்க, துணி மாதிரி நெளியும். காரும் அப்படித்தான். கூரையை வெட்டினா முறுக்கு விறைப்பு போயிடும். அதை ஈடுகட்டக் கதவுக்குக் கீழ ஓடுற சில் பகுதியையும் முன்கண்ணாடிச் சட்டத்தையும் தடிமனாக்கிப் பலப்படுத்துவாங்க. அதனாலதான் சச்சின்கிட்ட இருந்த 360 மாடெனாவை விட, அதோட கூரை திறக்கிற தங்கச்சி 360 ஸ்பைடர் சுமார் 60 கிலோ அதிகம்.

இப்போ இந்த மாதிரி ஒரு கார் பக்கவாட்டுல அடி வாங்கி, சில் பகுதியைத் தட்டி வெல்டு வச்சு பெயிண்ட் அடிச்சிருக்குன்னு வைங்க. பார்க்க புதுசு மாதிரி இருக்கும். ஆனா சாதா கார்ல கூரை தாங்குற பாரத்தையும் சேர்த்து இங்க தாங்கினதே அந்தப் பகுதிதான். அதைச் சொல்லாம விக்கிறதுக்குப் பேர் சாமர்த்தியம் இல்ல.

இன்னொரு உதாரணம். பி.எம்.டபிள்யூ. இசட்4-ல முதல் தலைமுறை, அதாவது ஈ85. அதுல கூரையை மடக்குற ஹைட்ராலிக் மோட்டார் பின்பக்கம் ஒரு குழிக்குள்ள இருக்கும். மழைத் தண்ணி வடியற துவாரம் அடைச்சா, தண்ணி நேரா அந்தக் குழியிலதான் போய் நிக்கும், மோட்டார் காலி. உலகம் பூரா அந்தக் கார் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச சங்கதி இது. நம்ம ஊர்ல வேப்பமரத்தடியிலதான் காரை நிறுத்துவோம். எட்டு மாசம் புழுதியும் சருகும் சேர்ந்து துவாரத்தை அடைக்கும். ஐப்பசி மழை வந்தா மிச்சத்தை அது பார்த்துக்கும். வெயில் காலத்துல காரைப் பார்க்க வர்றவருக்கு இது தெரியவே தெரியாது. வருஷம் பூரா வச்சிருந்த உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஓடவே இல்ல தம்பி, ஷெட்லயேதான் நின்னுச்சு"ன்னு ஒரு விளம்பர வசனம் உண்டு. 360 மாடெனா மாதிரி டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்ல அந்த வசனத்துக்கு மதிப்பு கம்மி. பெல்ட் ரப்பர். கிலோமீட்டர் ஓடலேன்னாலும் அதுக்கு வயசாகும். 8,500 ஆர்.பி.எம். வரைக்கும் போற இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், செலவு லட்சக்கணக்குல போகும். அதனால வாங்குறவர் கேட்க வேண்டியது "எத்தனை கிலோமீட்டர்" மட்டும் இல்ல, "பெல்ட் மாத்தி எத்தனை வருஷம், பில் எங்க"ன்னும்தான்.

2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல முங்கின காஸ்ட்லி கார்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பீங்க. அப்படி முங்கின காரைக் காய வச்சு, கழுவி, வாசனை அடிச்சு நிறுத்தினா போட்டோவுல ஒண்ணும் தெரியாது. சீட் தண்டவாளத்துக்கு அடியில சேறு இருக்கும், வயரிங்ல துரு பிடிச்சிருக்கும். அதை ஓட்டி மாட்டப் போறது இன்னொரு மனுஷன்.

அடுத்தது ஈசியூ ரீமேப், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். பவர் கூட்டுற ஆசை ஸ்போர்ட்ஸ் கார்காரருக்கும் உண்டு, நம்ம டியூக் அண்ணனுக்கும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்துற மாதிரி வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. மாத்தினதைச் சொல்லாம வித்தா, நாளைக்கு இன்சூரன்ஸ் க்ளைம் சிக்கலாகும்போது மாட்டுறது ஜூனியர். பழசைத் திருப்பி மாட்டிட்டு வில்லுங்க. இல்லேன்னா மாத்தி இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்க.

அப்போ என்னதான் பண்ணணும்?

ரொம்ப இல்ல. கார் ஆனாலும் பைக் ஆனாலும் இவ்வளவுதான்:

படிவம் 29-ல வண்டியை வித்துட்டேன்னு ஆர்.டி.ஓ.வுக்கு விக்கிறவர் தெரிவிக்கணும். ரெண்டு பேரும் இதே மாநிலம்னா 14 நாள் கெடு. படிவம் 30-ல பேர் மாத்தச் சொல்லி வாங்குறவர் விண்ணப்பிக்கணும், 30 நாள். லோன் இருந்தா முதல்ல அடைச்சு, படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில இருக்கிற அடமானக் குறிப்பை நீக்கணும். வண்டி வேற மாநிலம் போகுதுன்னா படிவம் 28, அதாவது என்.ஓ.சி. எல்லாம் பரிவாஹன் தளத்துல இருக்கு.

இன்சூரன்ஸ்ல ஒரு நுணுக்கம். மூணாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோட சேர்ந்து போயிடும். நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பாலிசி அப்படிப் போகாது. வாங்குறவர் 14 நாளுக்குள்ள தன் பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு இல்ல, உங்களுக்கு. அதிகபட்சம் 50 சதவீதம் வரைக்கும் சேர்ந்திருக்கலாம். சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா உங்க அடுத்த வண்டிக்கு உதவும்.

பணம். நம்ம பக்கம் "கை ரொக்கம்"னா ஒரு கெத்து. ஆனா 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது. மீறி வாங்கினா, வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமா போகலாம். கன்வெர்டிபிள் விக்கிறவர் இதைச் சுவத்துல எழுதி ஒட்டிக்கணும்.

கடைசியா டீலர். "29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்"னு வெத்துப் படிவத்தை நீட்டுவாங்க. ஏன்னா தன் பேர்ல ஒரு தடவை மாத்தினா ஓனர் எண்ணிக்கை கூடிடும், விலை குறையும். அவருக்கு அது லாபம். அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும் வண்டி ஓடுறது உங்க பேர்ல. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1-ல இருந்து புது விதி வந்திருக்கு. அங்கீகாரம் வாங்கின டீலர்கிட்ட வண்டியை விட்டா, படிவம் 29சி மூலமா அதைப் பதிவு பண்ணணும். அதுக்கப்புறம் பொறுப்பு டீலர் தலையில. "உங்ககிட்ட அங்கீகாரச் சான்று இருக்கா"ன்னு கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு கிடையாது.

"நம்பிக்கை இல்லையா மச்சான்?"

இதுதான் ஹாஸ்டல்ல வர்ற பெரிய எதிர்க்கேள்வி. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ரெண்டு நடை, கொஞ்சம் செலவு, கொஞ்சம் அலைச்சல். இதுக்கெல்லாம் சீனியர் ஜூனியர் நடுவுல பேப்பர் எதுக்கு, நம்பிக்கை போதாதான்னு கேட்பாங்க. அலைச்சல் உண்மைதான். செமஸ்டர் முடியற நேரத்துல புராஜெக்ட், வைவா, நோ டியூஸ்னு ஓடிக்கிட்டு இருக்கிறவனுக்கு இது பெரிய தொல்லைதான், மறுக்கல.

ஆனா நம்பிக்கைக்கும் எழுத்துக்கும் சண்டைன்னு யார் சொன்னது? வாய் வார்த்தைக்குப் பேர் போன வியாபாரிகள் ஊர் விருதுநகர். அந்த மார்க்கெட்டுலயே நோட்டுல எழுதாம ஒரு மூட்டை பருப்பு இறங்குமா? நம்பிக்கை இல்லாததால எழுதுறதில்ல. நாளைக்கு ரெண்டு பேருமே மறந்துட்டாலும் கணக்கு நிக்கணும்னு எழுதுறாங்க.

இன்னொண்ணு. உங்களுக்கும் ஜூனியருக்கும் நடுவுல நம்பிக்கை இருக்கலாம். ரோட்டுல நடந்து போற மூணாவது ஆளுக்கு உங்க ரெண்டு பேரையும் தெரியாது. அதிகாலையில ஆலை வேனுக்காக ரோட்டோரம் டிபன் கேரியரோட நிக்கிற அக்காவுக்கு உங்க நட்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அவங்களுக்குத் தெரியக் கூடியது நம்பர் பிளேட் மட்டும்தான். அந்த நம்பர் ஒரு உண்மையான ஆளைக் காட்டணும். ஆர்.சி.யில பேர் மாத்துறது உங்களைக் காப்பாத்திக்கிற வேலை மட்டும் இல்ல. முகம் தெரியாத அந்த மனுஷிக்கு நீங்க கொடுக்கிற மரியாதையும் அதுதான்.

அதனால ஒரு யோசனை. நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புகள்ல வண்டி விற்பனை போஸ்ட் போடுறதுக்கு ஒரே ஒரு விதி வைப்போம்: பரிவாஹன்ல பேர் மாத்த அப்ளை பண்ணின ஸ்கிரீன்ஷாட் வந்தப்புறம்தான் சாவி கை மாறணும். கூடவே ஒரு பேப்பர்ல நாலு வரி: என்ன மாத்தியிருக்கு, எங்க அடிபட்டிருக்கு, கடைசி சர்வீஸ் எப்போ, இன்சூரன்ஸ் எது வரைக்கும். ரெண்டு பேர் கையெழுத்து. டிபார்ட்மெண்ட் அசோசியேஷன்கள் ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, எல்லாருக்கும் சேர்த்து ஃபார்ம் நிரப்ப உதவினாலே பாதி அலைச்சல் குறைஞ்சிடும்.

ஃபைனல் இயர் அண்ணன்களே, அக்காக்களே, வேலை கிடைச்சு ஓசூரோ புனேவோ போயிடுவீங்க. வண்டி இங்கயேதான் ஓடும், டி.என். 67-னு நம்பரோட, உங்க பேரோட. சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பேரை இறக்கி வச்சுட்டுப் போங்க.